இரண்டு டிக்கெட்

நம் நாட்டில் விமரிசனம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாடகமானாலும் சரி, கச்சேரியானாலும் சரி, சினிமாவானாலும் சரி, அதைப் பார்க்கிறவன் ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுவார்கள். அந்த ஆளுக்கு வயது கிடையாது. மனைவி மக்கள் கிடையாது. கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டுமே என்ற கவலையும் கிடையாது. 'ரசிகன்' என்று அவனுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு, அவன் மனசுக்குள் என்ன நிகழ்ந்தது என்று பக்கம் பக்கமாக ஆராய்வார்கள்.

கொட்டகைக்குள் நுழைந்து பார்த்தால் சங்கதி வேறு. அப்படித் தனி ஆளாக வருகிறவர்கள் சொற்பம். ஜனங்கள் இரண்டு பேராகவும் நாலு பேராகவும்தான் வருகிறார்கள். புருஷனும் பெண்சாதியும் வருகிறார்கள்; சிநேகிதர்கள் வருகிறார்கள்; அபூர்வமாக மாமியாரும் மருமகளும்கூட வருகிறார்கள். இத்தனை ஜோடிகளிலும் என் கண்ணை இழுக்கிற ஜோடி ஒன்று உண்டு. நாற்பத்தைந்து வயதுத் தகப்பனார்; பக்கத்தில் பதினைந்து வயதுப் பையன், அல்லது பெண். சில சமயம் தகப்பனாருக்குப் பதில் தாயார். இருவரும் வெளியூர். கையில் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட் பொட்டலமும் அடங்கிய பை. டிக்கெட்டில் உள்ள எண்ணையும் நாற்காலியில் உள்ள எண்ணையும் இரண்டு தரம் ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். ஒரு நிகழ்ச்சியின் தரத்தை உரசிப் பார்க்க இந்த இரண்டு பேரைவிட நல்ல உரைகல் கிடையாது என்பது என் கட்சி.

இவர்கள் எதற்காகச் சென்னைக்கு வருகிறார்கள்? ஒரு காலத்தில் பொறியியல் கல்லூரிக் கவுன்சலிங்குக்காக, மாநிலத்தின் நாலு மூலையிலிருந்தும் கிண்டிக்கு வந்து குவிந்தார்கள். 2018 முதல் அது இணைய வழியில் நடக்கிறது. ஆனாலும் கல்யாணம் இருக்கிறது, கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, பரீட்சை இருக்கிறது, விமானம் ஏறுகிற மாமாவை வழியனுப்புவது இருக்கிறது. பகல் வேலை பகலோடு முடிந்துவிடும். சாயங்காலம் ஐந்து மணிக்கு லாட்ஜ் அறையில் கட்டிலின் ஒரு பக்கம் பையன் தன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். மறு பக்கம் தகப்பனார் டெலிவிஷனைப் போட்டுக்கொண்டு செய்தி கேட்பார். இதை ஊரிலேயே செய்திருக்கலாம். இதற்கு ரயில் சார்ஜ் தேவையில்லை.

நாவல் எழுதுகிறவனுக்குப் பட்டணம் அத்துப்படி என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. "மூன்று நாள் தங்குவோம் ஸார், சாயங்காலத்தில் பெண்ணை எங்கே அழைத்துப் போகலாம்?" என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. இடம் தெரிந்துகொள்ளக் கேட்கும் கேள்வியாக நான் இதை எடுத்துக்கொள்வதில்லை. எந்தக் கலை இரண்டு தலைமுறையை ஒரே வரிசையில் உட்காரவைக்கும் என்கிற கேள்வி இது. மற்ற விமரிசனக் கேள்விகளைவிட இது கஷ்டமானது.

இதற்கு நம் பத்திரிகை விளம்பரங்கள் ஒரு விடை வைத்திருக்கின்றன: 'குடும்பத்துடன் கண்டு களியுங்கள்.' இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அதன் தாத்பரியம், பெரியவர் தலை குனியும்படியாகவோ சிறியவர் ஏதாவது கேட்டு வைக்கும்படியாகவோ இதில் ஒன்றும் இல்லை என்பதுதான். சாப்பாட்டில் கல் இல்லை என்று சொல்வது மாதிரி. கல் இல்லாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் சாதம் வெந்திருக்கிறதா, குழம்பில் உப்பு இருக்கிறதா என்பது பற்றி விளம்பரம் வாய் திறப்பதில்லை. சிறியவர் ஒன்றும் கேட்காமல் எழுந்து வருகிற நிகழ்ச்சியை உத்தமமான நிகழ்ச்சி என்று நாம் தீர்மானித்து வைத்திருக்கிறோம். அதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

முதலில் சினிமாவை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் வெளியூர்க்காரர் பட்டணத்துக்கு வந்து சினிமா பார்த்ததில் அர்த்தம் இருந்தது. படம் முதலில் இங்கே ஓடிவிட்டுத்தான், மாசக்கணக்கில் கழித்து, கீறல் விழுந்த பிரதியாக டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேரும். தவிர, கொட்டகையே ஒரு காட்சி. மவுண்ட் ரோடில் 1961-இல் சாந்தி வந்தது. 1964-இல் சஃபையர் வந்தது. சஃபையர், புளூ டயமண்ட், எமரால்ட் என்று ஒரே கட்டடத்துக்குள் மூன்று தியேட்டர். புளூ டயமண்டில் படம் நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். அதைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய பையனுக்குப் படத்தைவிட அந்தக் குளிர்ச்சியும் மாடிப்படியும் நாலு மாசப் பேச்சுக்குக் காணும். சஃபையர் இன்று இல்லை. சாந்தியும் 2016-இல் மூடியாகிவிட்டது. இப்போதோ சென்னையில் வெளியாகிற படம் அன்றைக்கே மன்னார்குடியிலும் வெளியாகிறது. நாற்காலியின் சொகுசு ஒன்றுதான் வித்தியாசம்.

இது போகட்டும். சினிமாவைப் பற்றி என் குறை வேறு. அங்கே ஒருவர் வீட்டுக்காரர், இன்னொருவர் விருந்தாளி. பையனுக்கு நடிகர் யார், டைரக்டர் யார், பாட்டு எத்தனை பேர் கேட்டது எல்லாம் முன்கூட்டியே தெரியும். தகப்பனார் பாதிப் படம் வரைக்கும் யார் தம்பி, யார் வில்லன் என்று விசாரித்துக்கொண்டிருப்பார். பழைய படமாக இருந்தால் உத்தியோகம் மாறிவிடும்: தகப்பனார் விளக்குவார், பையன் கொட்டாவி விடுவான். இருவருக்கும் சமமாகப் புதியதாக இருப்பது அங்கே அபூர்வம்.

அடுத்தது சபா நாடகம். இதற்கு ஒரு பெரிய வம்சாவளி இருக்கிறது. பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்த டி.கே.எஸ். சகோதரர்களும், நவாப் ராஜமாணிக்கமும், தந்திரக் காட்சிகளால் வாய் பிளக்க வைத்த ஆர்.எஸ். மனோகரும் ஊர் ஊராகப் போனார்கள். 'ஔவையார்' நாடகத்தில் கிழவியாக நடித்த டி.கே. சண்முகத்துக்கு அவ்வை சண்முகம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1952-இல் ஒய்.ஜி. பார்த்தசாரதி தொடங்கிய யு.ஏ.ஏ. போன்ற அமெச்சூர் குழுக்களோடு நாடகம், ஆபீஸ் முடிந்து வருகிற குமாஸ்தாவின் சாயங்காலப் பண்டமாயிற்று. பிறகு நகைச்சுவை மற்ற ரசங்களையெல்லாம் தள்ளிவிட்டு நடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

நகைச்சுவை நாடகத்தை மட்டமாகப் பேசுவது விமரிசகர்களுக்கு ஒரு கௌரவம். நான் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டேன். 2019-இல் காலமான கிரேசி மோகனின் நாடகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள்மாறாட்டம், ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய், ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம், இரண்டாவது அர்த்தத்திலிருந்து மூன்றாவது சிரிப்பு என்று அது கடிகாரம் மாதிரி ஓடும். அதை எழுதுவது லேசில்லை. அதைவிட முக்கியமான ஒரு காரியமும் அங்கே நடக்கிறது. தன் தகப்பனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பையன் பார்க்கிறான். வீட்டில் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போடுகிற அதே மனுஷர், முன்பின் தெரியாத ஐந்நூறு பேரில் ஒருவராக, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். பதினைந்து வயசில் அதைப் பார்ப்பது ஒரு பாடம். எந்தத் தத்துவ நாடகமும் அதைக் கற்பிக்காது.

ஆனால் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, சிலேடைக்குத் தமிழ் வேண்டும். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைக்குப் பத்துச் சிரிப்பில் நாலு நழுவிவிடுகிறது. அக்கம்பக்கத்தார் சிரிக்கும்போது, புரிந்த மாதிரி அதுவும் அரைச் சிரிப்புச் சிரிக்கிறது. அந்த அரைச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். அது நாடகாசிரியரின் குற்றமல்ல. வீட்டின் குற்றம், பள்ளிக்கூடத்தின் குற்றம். இரண்டாவது குறைதான் நாடகத்தைச் சேர்ந்தது. திரை விழுந்ததும் எல்லாம் முடிந்துவிடுகிறது. கடைசிக் காட்சியில் குழப்பம் தீர்ந்து, எல்லோரும் முதல் காட்சியில் இருந்தபடியே இருக்கிறார்கள். வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது, "அந்த ஜோக் நன்றாயிருந்தது இல்லை?" என்பதற்கு மேல் இருவருக்கும் பேச ஒன்றும் அகப்படுவதில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. 1968-இல் சோ மேடையேற்றிய 'முகமது பின் துக்ளக்'. 1971-இல் அது சினிமாவாகவும் வந்தது. புதைகுழியிலிருந்து துக்ளக்கும் இபன் பதூதாவும் உயிரோடு எழுந்து வந்து, தேர்தலில் நின்று, துக்ளக் பிரதம மந்திரியாகி, பாரசீக மொழியை ஆட்சி மொழியாக்குகிறார். சிரிப்புக்கு அதிலும் குறைவில்லை. ஆனால் பார்க்கிற பிள்ளைக்குக் கேள்வி வந்துவிடும்: நிஜ துக்ளக் யார்? மொழிக்காக ஏன் இவ்வளவு சண்டை? இந்த ஜனங்கள் எப்படி நம்பினார்கள்? தகப்பனாருக்கு நாடகாசிரியரின் அரசியல் பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி, பதில் சொல்லியே தீரவேண்டும். பதில் சொல்லும்போது அவர் எந்தக் கட்சி, ஏன் அந்தக் கட்சி என்பதைப் பிள்ளை முதல் தடவையாகத் தெரிந்துகொள்ளும். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் அங்கேதான் வசூலாகிறது.

இனி கச்சேரி. மார்கழியில் சென்னைக்கு வந்துவிட்டுக் கச்சேரி கேளாமல் போவது, காவேரிக்குப் போய்க் கால் நனைக்காமல் திரும்புகிற மாதிரி என்பார்கள். 1927 டிசம்பரில் இங்கே காங்கிரஸ் மகாசபை கூடியபோது கூடவே ஒரு சங்கீத மகாநாடும் நடந்தது. அதன் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. அந்த விதை இன்று ஊர் முழுக்க சபாவும் கான்டீனுமாக விரிந்திருக்கிறது. 2017-இல் யுனெஸ்கோவும் சென்னையை இசைக்கான படைப்பு நகரங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. மத்தியானத்தில் பாடுகிற இளம் வித்வான்களின் கச்சேரிக்குப் பல சபாக்களில் டிக்கெட்டே இல்லை.

எல்லாம் சரி. சங்கீதம் பயிலாத வீட்டுப் பதினைந்து வயதுப் பெண் அங்கே என்ன செய்யும்? அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த முறையில் வர்ணம் வருகிறது, கீர்த்தனைகள் வருகின்றன, ராகம் தானம் பல்லவி வருகிறது. பக்கத்து நாற்காலி மாமா தொடையில் தாளம் போடுகிறார். முன்வரிசை மாமி ராகம் என்னவென்று புத்தகத்தில் தேடுகிறார். பெண்ணுக்குத் தான் ஒரு பரீட்சை ஹாலில் விடைத்தாள் இல்லாமல் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும்.

ஆனால் கச்சேரியில் யாருக்கும் பரீட்சை வைக்காத ஒரு பகுதி இருக்கிறது. அதுதான் தனி ஆவர்த்தனம். மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசி, பேச்சு குறுகிக் குறுகி, கடைசியில் இரண்டும் ஒன்றாக மோதி முடிகிற அந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள ராகம் தெரியவேண்டாம், பாஷை தெரியவேண்டாம். காது இருந்தால் போதும். நம் ரசிகப் பெருமக்கள் எழுந்து காப்பி குடிக்கப் போவது அந்த நேரம் பார்த்துத்தான்! சென்ற மார்கழியில் ஒரு சபாவில் பார்த்தேன். தனி ஆரம்பித்ததும் எனக்கு முன்வரிசையில் ஒரு தகப்பனார் எழுந்தார். "வா, அடை நன்றாயிருக்குமாம்" என்றார். பெண் நகரவில்லை. "நீங்க போய்ட்டு வாங்கப்பா" என்று மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிற்று. அவர் ஒரு நிமிஷம் நின்றார், பிறகு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அந்த ஹாலில் கடைசி மோரா முடிந்தபோது முதலில் கை தட்டியது அந்தப் பெண்தான்.

பாட்டின் சொல் புரியவேண்டாமா என்கிற வழக்கு பழையது. அதற்காகவே 1943-இல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது. நாதத்துக்கு மொழி ஏது என்று எதிர்க்கட்சி வாதாடிற்று. பண்டிதர்களின் தர்க்கத்துக்குள் நான் நுழையப் போவதில்லை. என் உரைகல் ஜோடியை வைத்துச் சொல்கிறேன்: சொல் புரிந்தால்தான் கேள்வி பிறக்கும்.

உதாரணத்துக்குக் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள். கதை ஒன்றே ஒன்று: ஒருவனுக்குச் சிதம்பரம் போகவேண்டும், போக உத்தரவு இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று அவன் மனசில் அது வளர்ந்துகொண்டே போகிறது. ஆண்டையான வேதியர், நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். பெரிய புராணத்தில் இந்த வேதியர் கிடையாது. பாரதி சேர்த்த பாத்திரம் அவர். எவ்வளவு பொருத்தமாகச் சேர்த்திருக்கிறார்! போகவேண்டிய இடத்தை மனசில் வைத்துக்கொண்டு, போக அனுமதிக்காகக் காத்திருப்பது எப்படியிருக்கும் என்று பதினைந்து வயதுக்குத் தெரியாதா? வேறு எந்த வயதுக்கு அது அதைவிட நன்றாகத் தெரியும்?

ஆனால் கதை முடிகிற இடத்தில் நந்தன் நெருப்பில் இறங்கவேண்டியிருக்கிறது. "ஏன் அவர் மட்டும் நெருப்பில் இறங்கணும்? மற்றவர்கள் நேராக உள்ளே போனார்களே?" என்று பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால் அது தூங்கியிருக்கிறது என்று அர்த்தம். 'குடும்பத்துடன் கண்டு களிக்க' வந்த தகப்பனார் அப்போது என்ன சொல்வார்? பக்தியின் பெருமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அல்லது நம் ஊர்க் கோயில் வாசல் யாருக்கு எத்தனை நாள் அடைத்திருந்தது, நம் தாத்தா அந்த வாசலுக்கு எந்தப் பக்கம் நின்றார் என்பதைச் சொல்லலாம். இரண்டாவது பதிலைச் சொல்லத் துணிந்தவருக்கு அந்த மாலை வீண் போகாது. பாட்டைக் கேட்டுவிட்டுக் கேள்வியைத் தவிர்க்கிறவர், இலையில் உட்கார்ந்து ஊறுகாயை மட்டும் நக்கிவிட்டு எழுந்தவர்.

கூத்தைப் பற்றியும் இதே ரீதியில்தான் எனக்கு அபிப்பிராயம். 1977-இல் ந. முத்துசாமி முதலியோர் கூத்துப்பட்டறையைத் தொடங்கிப் புரிசைக் கூத்தின் பலத்தை நவீன நாடகத்துக்குக் கொண்டுவந்தார்கள். கிராமத்தில் விடிய விடிய ஆடுகிற கூத்து, பட்டணத்தில் இரண்டு மணி நேரமாக மடித்து வைக்கப்படுகிறது. செய்யாறு பக்கத்து மனிதர், ஊரில் இனாமாகக் கிடைப்பதை இங்கே சீட்டு வாங்கிப் பார்க்கிறார் என்பது வேடிக்கைதான். மடித்ததால் நஷ்டமும் உண்டு. விடியற்காலைப் பனியில் துரியோதனன் விழுவது வேறு, எட்டரை மணிக்குக் குளிர்சாதன அறையில் விழுவது வேறு.

ஆனால் ஒரு லாபத்தை மறக்கக்கூடாது. 2007-இல் 'சென்னை சங்கமம்' தொடங்கியது; நடுவில் சில வருஷம் நின்றுபோய், 2023-இல் மறுபடியும் பொங்கலை ஒட்டி நடந்தது. பூங்காவிலும் கடற்கரையிலும் கரகமும் ஒயிலும் பறையும். டிக்கெட் இல்லை, நாற்காலி எண் இல்லை. ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம்தான். கண்காட்சியில் துணி மாதிரி பார்ப்பதுபோல இருக்கிறது என்று குறை சொல்லலாம், அது நியாயமும்கூட. ஆனாலும் ஊரில் சாவு வீட்டு வாசலில் மட்டும் கேட்டு, கேட்டதும் அம்மா ஜன்னலைச் சாத்திய அந்தப் பறையைப் பட்டணத்துக் கூட்டம் நின்று கேட்டு ஆரவாரம் செய்கிறது. அதைப் பார்க்கிற பிள்ளை, பறையைப் பார்ப்பதோடு நிற்காது. திரும்பித் தகப்பனார் முகத்தையும் பார்க்கும். ஏன் ஜன்னலைச் சாத்தினோம் என்பதற்கு அந்த முகத்தில் விடை தேடும்.

கடைசியாகக் கடற்கரை. மெரினாவைப் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். சேர்க்கலாம், ஆனால் நிகழ்ச்சிக்குப் பதிலாக அல்ல, நிகழ்ச்சிக்குப் பிறகு. தேவி பிரசாத் ராய் சௌதுரி வார்த்து 1959-இல் நிறுவிய உழைப்பாளர் சிலையில் நாலு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். பாறை இன்னும் நகர்ந்தபாடில்லை. அதற்கு எதிரே மணலில் உட்கார்ந்து சுண்டல் வாங்கிக்கொண்டு, பார்த்துவிட்டு வந்த நாடகத்தைப் பற்றிச் சண்டை போடலாம். வெறுமனே கடலைப் பார்க்கப் போனால் முதல் பத்து நிமிஷம் அழகாயிருக்கும். பதினோராவது நிமிஷத்தில் பையன் போனை எடுப்பான். பேசுவதற்கு மூன்றாவது பொருள் ஒன்று நடுவில் இருக்கவேண்டும். தகப்பனும் பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள நம் வீடுகளில் பழக்கமில்லை. மார்க்கு, செலவு, சாப்பிட்டாயா என்பதோடு பேச்சு தீர்ந்துவிடுகிறது. மேடையில் நிற்கிற மூன்றாம் மனிதனைப் பற்றிப் பேசும் சாக்கில்தான் நாம் நம்மைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம். கதை என்று ஒன்று மனுஷ ஜாதிக்கு வேண்டியிருப்பதே அதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஆகையால், என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இருவரில் யாருக்கும் முழுக்கத் தெரியாததாகத் தேர்ந்தெடுங்கள். நடுவில் ஒரு கேள்வியாவது எழும்பக்கூடியதாக இருக்கட்டும். ஒன்பது மணிக்குள் முடியட்டும். திரும்பும் வழி கொஞ்சம் நீளமாகவே இருக்கட்டும். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்ல இரு தரப்பாருக்கும் உரிமை இருக்கட்டும். 'நல்லது' என்று பெரியவர் அழைத்துப் போன கச்சேரியைச் சிறியவர் 'ரொம்ப போர்' என்று சொன்னால், அதுவும் ஒரு விமரிசனமே. ஏன் என்று கேளுங்கள். பல சபா விமரிசனங்களைவிட நல்ல காரணம் கிடைக்கும்.

இதையெல்லாம் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பதின்மூன்று வயதுக்கு முன்னால் பிள்ளைக்கு மடியில் தூக்கம் வந்துவிடும். பதினேழுக்குப் பிறகு அது சிநேகிதர்களோடு போய்விடும், போகத்தான் வேண்டும். நடுவில் இருப்பது நாலே வருஷம். அதில் பட்டணத்துக்கு வருவது இரண்டு தடவையோ மூன்று தடவையோ. சபா காரியதரிசிகளும் நாடகக்காரர்களும் அந்த இரண்டு நாற்காலிகளை மனசில் வைத்துக்கொண்டு நிகழ்ச்சிகளை அமைத்தால் கலைக்கே நல்லது. அவர்கள் அமைக்கிற வரையில், டிக்கெட் வாங்குகிறவர்கள் இரண்டாக வாங்குங்கள். பிள்ளையை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டு நிற்காதீர்கள்.